கையெழுத்துப் போட்டது யார்?

புனே ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் சாஸூன் பொது மருத்துவமனை 1867-ல் திறக்கப்பட்டது. பாக்தாதிலிருந்து பம்பாய்க்கு வந்த யூத வணிகர் டேவிட் சாஸூன் கொடுத்த நன்கொடையில் எழுந்தது. இந்த ஊர் ஏழைகளுக்கு இன்றும் அதுதான் கடைசிப் புகலிடம். 1994 பிப்ரவரியில் அந்த மருத்துவமனையின் பெயர் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் அடிபட்டது. புனே மாவட்டம் ஷிரூரில், மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்காக அரசு நடத்திய இல்லம் ஒன்று இருந்தது. அங்கிருந்து அழைத்து வரப்பட்ட பத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு சாஸூனில் வைத்துக் கருப்பையை அகற்றினார்கள். அந்தப் பெண்களுக்குக் கருப்பையில் எந்த நோயும் இல்லை.

மாதவிலக்கு நாள்களில் அவர்களுக்குச் சுத்தம் பேணத் தெரியவில்லை என்பது அரசுத் தரப்பு சொன்ன காரணம். யாராவது பலாத்காரம் செய்தால் கர்ப்பமாவது வராமல் இருக்குமே என்பது கூடவே உலவிய இன்னொரு காரணம். இரண்டாவதைக் கேட்டபோது எனக்கு உடம்பு பதறியது. காவலாளியை மாற்ற வேண்டிய இடத்தில் கருப்பையை எடுத்திருக்கிறார்கள். பெண்கள் அமைப்புகளும் சில மருத்துவர்களும் தெருவுக்கு வந்தார்கள். எஞ்சிய அறுவைகளை அரசு நிறுத்தியது. விவகாரம் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

அப்போது நான் புனேயில் ஒரு வங்கியில் எழுத்தர். மதிய சாப்பாட்டு மேசையில் ஒரு வாரம் இதே பேச்சு. "பாவம், அந்த இல்லத்து ஆயாக்கள் எத்தனை பேருக்குத்தான் துணி மாற்றுவார்கள்?" என்றார் ஒருவர். எங்களோடு வேலை பார்த்த ஒரு மராத்தி அம்மாளுக்கு அப்படி ஒரு மகள் இருந்தாள். அவர் அதுவரை வாயைத் திறக்கவில்லை. டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: "எனக்கும் சில மாதம் அப்படித் தோன்றும். ஆனால் என்னைக் கேட்காமல் எவனாவது என் பெண் மேல் கத்தி வைத்தால் அவன் கையை ஒடித்துவிடுவேன். அங்கே இருக்கிற பிள்ளைகளுக்குக் கை ஒடிக்க ஆள் இல்லை."

இத்தனை ஆண்டுகளில் இந்த விஷயத்தைப் பற்றி நான் படித்ததிலும் கேட்டதிலும் அதைவிடச் சரியான பேச்சு கிடையாது.

ஷிரூர் விவகாரம் கறாராகப் பார்த்தால் மனநல மருத்துவம் அல்ல. மனவளர்ச்சிக் குறைவு வேறு, மனநோய் வேறு. கத்தி பிடித்தவர்களும் மகளிர் நோய் மருத்துவர்கள்தான். ஆனாலும் அதை இங்கே முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பெண்களுக்காகச் சம்மதம் சொன்னது யார்? காப்பாளர் என்ற முறையில், அவர்களை வைத்துப் பராமரித்த அரசுத் தரப்பு. அறுவை நடந்தால் யாருக்கு வேலை குறையும்? அதே தரப்புக்கு. மனநல மருத்துவத்தில் நெறி தவறும் இடங்களை நான் பக்கத்தில் நின்று பார்த்தபோதெல்லாம் இந்தக் கணக்குதான் திரும்பத் திரும்ப வந்தது.

காலை ஒடித்துக்கொண்டு எலும்பு மருத்துவரிடம் போனால் அறையில் இரண்டே பேர்: அவரும் நீங்களும். மனநல மருத்துவரின் அறையில் எப்போதும் மூன்றாவது ஆள் உண்டு. சிறுவர் மனநல மருத்துவரிடம் பணம் கட்டுவது அப்பா. தொழிற்சாலை அனுப்பிய தொழிலாளியின் பின்னால் நிர்வாகம். சிறைக்குப் போகும் மருத்துவருக்குச் சம்பளம் தருவது அரசு. விவாகரத்து வழக்கில் சான்றிதழ் கேட்டு வருவது கணவன்; சான்றிதழ் மனைவியைப் பற்றி. இந்து திருமணச் சட்டத்தின் 13-வது பிரிவில் மனநோய் விவாகரத்துக்கு ஒரு காரணம். நோயின் பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அது முற்றியிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொன்னது. ஆனால் குடும்ப நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு மருந்துச் சீட்டு எத்தனை தூரம் பேசும் என்பது அங்கே காத்திருந்தவர்களுக்குத் தெரியும். சிறப்புப் பிரிவு எதுவானாலும் மருத்துவர் யாருடைய ஆள் என்ற கேள்வி தப்பாது. மருத்துவக் கல்லூரியில் இதற்கென்று எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறார்களோ!

நான் இதில் வந்து மாட்டிக்கொண்டது பாஷையால். புனேயில் தமிழர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். ராஸ்தா பேட்டையில் படித்த குடும்பங்கள், கட்கியில் ராணுவத் தொழிற்சாலையை நம்பி வந்தவர்கள், பிறகு கட்டட வேலைக்கும் இட்லி வியாபாரத்துக்கும் வந்தவர்கள். எனக்கு மராத்தியும் தமிழும் சரளம். ஆஸ்பத்திரியில் யாராவது தமிழ் மட்டும் தெரிந்தவர் படுத்திருந்தால், "வங்கியிலே ஒரு அக்கா இருக்காங்க" என்று ஆள் அனுப்புவார்கள். பிரசவம், காசநோய், விபத்து என்று போய் மொழிபெயர்த்துவிட்டு வருவேன். சம்பளம் கிடையாது. தீபாவளிக்கு முறுக்கு வரும்.

1998-ல் ஒருநாள் அப்படித்தான் ஒரு தனியார் மனநல மருத்துவமனைக்குப் போனேன். ஊரும் பேரும் வேண்டாம். திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். இருபத்து மூன்று வயது இருக்கும். இரண்டாவது பிரசவம் முடிந்து ஒன்றரை மாதம். சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, பேச்சு இல்லை. குழந்தையைப் பக்கத்தில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கணவர் சைக்கிளில் இட்லிப் பாத்திரம் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்பவர்.

மருத்துவர் என்னிடம் சொன்னார்: "தாயி, தூங்க வைத்துச் செய்கிற ஒரு வைத்தியம், ஆறு தடவை செய்யணும், அவ்வளவுதான் என்று சொல்லுங்கள்." மராத்தியில் தாயி என்றால் அக்கா.

"ஷாக்கா?" என்று கேட்டேன்.

"அந்த வார்த்தை வேண்டாம். பயந்துவிடுவார்கள்."

"மயக்க மருந்து கொடுப்பீர்களா?"

"அதற்குத் தனியாக ஒரு டாக்டர் வரவேண்டும். செலவு இரண்டு மடங்காகும். இட்லி விற்கிறவர் எங்கே போவார்?"

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மின் அதிர்ச்சி சிகிச்சை சினிமாவில் வருகிற மாதிரி தண்டனை அல்ல. 1938-ல் ரோமில் செர்லெட்டி, பினி என்ற இரு மருத்துவர்கள் தொடங்கி வைத்தது. சில நொடி மின்சாரம் செலுத்தி மூளையில் ஒரு வலிப்பை வரவழைக்கிறார்கள். உணவை மறுத்துச் சாகும் நிலையில் இருக்கும் கடும் மனச்சோர்வுக்கு அதைப்போல விரைவாக வேலை செய்வது குறைவு. சிக்கல் வலிப்பில்தான் இருக்கிறது. மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்தால் உடம்பு ஏறக்குறைய அசையாது. கொடுக்காவிட்டால் உடம்பு முழுக்க முறுக்கிக்கொள்ளும். பல் உடையும். நாக்கு கடிபடும். முதுகெலும்பில் விரிசல் விழலாம். அன்றைய இந்தியாவில் பல இடங்களில் அந்த மருந்து இல்லாமல்தான் வைத்தார்கள். சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. 1987-ன் மனநலச் சட்டம் 1993-ல்தான் அமலுக்கு வந்தது. மனநோயாளியைக் கொடுமைப்படுத்தக் கூடாது என்று அதில் ஒரு பிரிவு உண்டு. எது கொடுமை என்பதை யார் சொல்வது?

நான் கணவரிடம் உள்ளது உள்ளபடி சொன்னேன். "தலையில் கரண்ட் வைப்பாங்க. மயக்க மருந்து இல்லை. வலிப்பு வரும். குணமாகலாம். எலும்பில் அடிபடவும் வாய்ப்பு இருக்கு."

"நீங்க என்னக்கா சொல்றீங்க? வெக்கலாமா?"

"அதை நான் சொல்லக் கூடாதுப்பா. டாக்டரைக் கேளு. அவளையும் கேளு."

அவளைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பேசாதவளிடம் என்ன கேட்பது என்பதுதான் அந்த அறையின் நியாயம். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. நோயாளி கையெழுத்துக்கான கோட்டில் கணவர் பெருவிரல் வைத்தார்.

மூன்று வாரத்தில் அவள் தேறினாள். சாப்பிட்டாள், குழந்தையைத் தூக்கினாள். தூக்கும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வேறு இடத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கியிருந்தது. நான் புகார் எழுதினேன். அனுப்பிய அலுவலகம் ஒரு மாதம் கழித்து மூன்று வரியில் பதில் போட்டது: நோயாளியோ அவரது காப்பாளரோ பிரமாணப் பத்திரத்துடன் மனுச் செய்ய வேண்டும். கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாங்க்கா. எழுதிக் குடுத்தா பைத்தியம்னு பேர் நிக்கும். தங்கச்சிக்கு இன்னும் கல்யாணம் ஆகல." அத்தோடு முடிந்தது.

அவள் என்னிடம் பேசியது பிறகு, கட்கிக் கடைவீதியில் பார்த்தபோது. "கரண்டு வெச்சதுல எனக்குக் கோவம் இல்லக்கா. நான் வாயத் தொறக்காட்டியும் காது கேட்டுக்கிட்டுதான் இருந்துச்சு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

மற்ற மருத்துவத்தில் தவறு நடந்தால் நோயாளி புகார் செய்வார், கவுன்சில் விசாரிக்கும். மனநல மருத்துவத்தில் இந்த இயந்திரத்தின் முதல் பல்சக்கரமே இல்லை. நோயாளியின் புகார்தான் அவருடைய நோய்க்கு அத்தாட்சி. "டாக்டர் என்னைக் கொடுமைப்படுத்துகிறார்" என்று ஒருவர் சொன்னால், மருந்தின் அளவைக் கூட்டிவிடுவார்கள். வெளியே வந்தவர் கௌரவம் கருதிப் பேசமாட்டார். சக மருத்துவர் சக மருத்துவரைக் காட்டிக்கொடுக்க மாட்டார். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நெறிமுறை விதிகளை எடுத்துப் பாருங்கள். அறுவைக்கு முன் எழுத்து மூலம் யாரிடம் சம்மதம் வாங்க வேண்டும் என்ற வரியில் கணவன் அல்லது மனைவி முதலில் வருகிறார்கள்; சிறுவர்களென்றால் பெற்றோர் அல்லது காப்பாளர்; நோயாளி கடைசியில். 2023-ல் புதிய விதிகள் வந்து, சில வாரங்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டு, மறுபடி பழைய விதிகளுக்கே திரும்பினார்கள். இதற்கிடையே தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் இன்னொரு வேலையும் செய்தது. மாநிலக் கவுன்சிலின் முடிவை எதிர்த்து மேலே போகும் உரிமையை மருத்துவருக்கு மட்டுமே அதன் 30-வது பிரிவு பெயர் சொல்லித் தருகிறது. நோயாளியைப் பற்றி அதில் பேச்சில்லை.

ஆகவே மாற்றம் கவுன்சில் வழியாக வரவில்லை. வெளியிலிருந்து வந்தது. அதில் பாதி, எங்கள் புனேயிலிருந்து.

பார்கவி தாவர் தமிழ்ப் பெண். அவருடைய தாய் பாபு சென்னையில் ஒரு வசதியான குடும்பத்தில் வாழ்ந்தவர். கிருஷ்ண பக்தியில் தோய்ந்து குருவாயூர் கோயிலுக்குப் போய்விட்டவர். மருத்துவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஸ்கிசோஃப்ரினியா. ஆஸ்பத்திரிகளில் அந்தத் தாய் பட்டதைச் சிறு வயதில் பார்த்த மகள், 1999-ல் புனேயில் அவர் பெயரிலேயே பாபு அறக்கட்டளையைத் தொடங்கினார். மயக்க மருந்து இல்லாத ஷாக்கை நிறுத்த வேண்டும் என்று ஓயாமல் எழுதினார். சில மனநல மருத்துவர்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது. மருத்துவத்துக்கே எதிரி என்பார்கள். அவர் சொன்ன எல்லாவற்றையும் நானும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஷாக்கே கூடாது என்கிற அளவுக்கு என்னால் போக முடியாது. அந்தத் திருவண்ணாமலைப் பெண்ணைச் சாப்பிட வைத்தது அதுதான். ஆனால் உள்ளே இருந்தவர்களின் பேச்சு சாட்சியம்தான், அறிகுறி அல்ல என்று இந்த நாட்டை நம்ப வைத்தவர்களில் அவர் முக்கியமானவர். 2024-ல் காலமானார்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநல விடுதி தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்கள் ஓட முடியவில்லை. இறந்தவர்கள் 28 பேர். தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு டில்லியின் சார்தக் என்ற அமைப்பு, மயக்க மருந்தில்லாத ஷாக்கைத் தடை செய்யக் கோரி அங்கேயே மனுப் போட்டது. எதிர்ப்பு வராமல் இல்லை. மயக்க மருந்து நிபுணர் இல்லாத ஊரில் நோயாளியைச் சாக விடுவதா என்று கேட்ட மருத்துவர்கள் பொய்யர்கள் அல்ல. பற்றாக்குறை நிஜம். ஆனால் குடல்வால் அறுவைக்கு மயக்க மருந்து நிபுணர் கிடைக்கும்வரை எல்லாரும் காத்திருக்கிறார்களே, மனநோயாளிக்கு மட்டும் ஏன் அவசரம்? இந்தக் கேள்விக்குத் திருப்தியான பதிலை நான் கேட்டதில்லை.

கடைசியில் 2017-ல் மனநலப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறி, 2018-ல் அமலுக்கு வந்தது. அதை வரைவதில் பெரும் பங்கு வகித்தவர் புனே இந்தியச் சட்டக் கழகத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் சௌமித்ர பதாரே. 95-வது பிரிவு நேராகச் சொல்கிறது: தசை தளர்த்தும் மருந்தும் மயக்க மருந்தும் இல்லாமல் மின் அதிர்ச்சி கூடாது. மனநோய்க்குச் சிகிச்சை என்று சொல்லிக் கருத்தடை கூடாது. எந்த வகையிலும் சங்கிலி கூடாது. சிறுவர்களுக்கு ஷாக் வைப்பதானால் காப்பாளர் சம்மதத்தோடு, மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவு, அவரவர் சுதந்திரமான சம்மதம் இல்லாமல் மலடாக்கும் எந்தச் சிகிச்சையும் கூடாது என்கிறது. ஷிரூரில் நடந்தது இனி சட்டப்படி நடக்க முடியாது என்பதற்கு 22 ஆண்டுகள் ஆயிற்று.

இந்தச் சட்டத்தின் சாமர்த்தியம் தண்டனையில் இல்லை. முதல் தடவை மீறினால் ஆறு மாதச் சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு தனியார் மருத்துவமனைக்குப் பத்தாயிரம் ஒரு நாள் அறை வாடகை. சாமர்த்தியம், மூன்றாவது ஆளின் நாற்காலியை நோயாளியின் பக்கம் திருப்பிப் போட்டதில். நல்ல நிலையில் இருக்கும்போதே, "எனக்கு மறுபடி வந்தால் இதைச் செய்யுங்கள், இதைச் செய்யாதீர்கள்" என்று எழுதி வைக்கலாம். உங்கள் சார்பில் பேசும் ஆளை நீங்களே நியமிக்கலாம். அது கணவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தவறு நடந்தபிறகு விசாரிப்பதைவிட நடக்கும் முன்பே ஒருவர் வாசலில் நிற்பது மேல்.

ஆனால் வாசலில் ஆள் நிற்க வேண்டுமே! மறுஆய்வு வாரியங்கள் பல மாநிலங்களில் ஆண்டுக்கணக்கில் காகிதத்திலேயே இருந்தன. மகாராஷ்டிரத்தில் சட்டத்தை ஒழுங்காகச் செயல்படுத்தக் கோரி மும்பை மனநல மருத்துவர் ஹரீஷ் ஷெட்டி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. குணமான பிறகும் வீட்டுக்கு அனுப்பப்படாமல் அரசு மனநல மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களின் கதை அந்த வழக்கில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. நெறியை நிலைநாட்டக் கோர்ட்டுக்குப் போனவர் ஒரு மனநல மருத்துவர் என்பதை, இந்தத் துறையை ஒட்டுமொத்தமாகத் திட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

நான் பணி ஓய்வு பெற்றுவிட்டேன். ஆஸ்பத்திரி அழைப்பு மட்டும் ஓயவில்லை. இப்போது ஆள் வருவதில்லை, கைபேசி வருகிறது. சில மாதங்களுக்கு முன் ஓர் இளம் மருத்துவர் வீட்டுக்கே வந்தார். நோயாளிக்குப் புரிகிற மொழியில் தகவல் தர வேண்டும் என்று சட்டத்தின் 22-வது பிரிவு சொல்வதால், மின் அதிர்ச்சி சிகிச்சைக்குத் தமிழில் ஒரு சம்மதப் படிவம் எழுதித் தரக் கேட்டார். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள் போல, "மின்தூண்டல் சிகிச்சை" என்று போட்டால் மரியாதையாக இருக்குமே என்றார். நான் "தலையில் கரண்ட் வைப்பது" என்று எழுதியிருந்தேன். கட்கியில் எந்த வார்த்தை புரியும் என்று நாலு பேரைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்றேன். போய்க் கேட்டிருக்கிறார். என் வரியை அப்படியே விட்டுவிட்டு, கீழே கையெழுத்துக் கோட்டை மட்டும் மாற்றிக் கொண்டுவந்தார். நோயாளிக்கு ஒரு கோடு. அதற்குக் கீழே, சற்றுச் சின்ன எழுத்தில், உடன் வந்தவருக்கு.